சென்னைப் பூனையை ஜெர்மனிக்குக் கூட்டிப்போவது எப்படி? ஒரு நாலு மாதக் கணக்கு

மீனு எங்கள் பல்லாவரம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பிறந்தவள். வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு மூன்றும் கலந்த நாட்டுப் பூனை. எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தபோது அவளுக்கு இரண்டு வயது. கிளம்ப மூன்று மாதம் இருந்தது. ஊசி போட்டு, ஒரு சான்றிதழ் வாங்கி, கூடவே கூட்டிப்போய்விடலாம் என்று நம்பினேன். கடைசியில் நான் தனியாகத்தான் விமானம் ஏறினேன். அம்மா வீட்டில் ஏழு மாதம் இருந்த பிறகுதான் அவள் என்னிடம் வந்து சேர்ந்தாள். அந்த ஏழு மாதமும் தினம் இரவு வீடியோவில் அவளைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன்.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு தவறு: இரண்டு வேலைகளை வரிசை மாற்றிச் செய்தது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்னையிலிருந்து ஜெர்மனிக்குப் போன கதை என்றாலும், மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் அடிப்படை விதிகள் இவையேதான். பிரிட்டனுக்கு இது பொருந்தாது. அங்கே விமானத்தில் வரும் பூனை சரக்காகத்தான் நாட்டுக்குள் போக முடியும்.

1. முதலில் நாட்காட்டியை எடுத்து வையுங்கள்

விசா, வீடு, வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். ரேபிஸ் விஷயத்தில் இந்தியா ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பான நாடுகள் பட்டியலில் இல்லை. அதனால் நம் பூனைக்கு ஊசி மட்டும் போதாது, ரத்தப் பரிசோதனையும் வேண்டும். கணக்கு இப்படி:

முதல் நாள் மைக்ரோசிப் (பூனையின் அடையாள எண் கொண்ட சின்னச் சில்லு), அப்புறம் ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தம் எடுத்த தேதியிலிருந்து முழுசாக மூன்று மாதம் கழிந்த பிறகுதான் பூனை ஐரோப்பாவுக்குள் நுழையலாம்.

ஆக, எல்லாம் சரியாக நடந்தாலே நாலு மாதம். நடுவில் ஒன்று இடறினால் ஐந்து, ஆறு. வேலைக்கான கடிதம் கைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். நேர்முகத் தேர்வு நடக்கும்போதே சிப்பும் ஊசியும் போட்டுவிடுங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் பூனைக்கு நல்லதுதானே.

குட்டிப் பூனை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். ரேபிஸ் ஊசி 12 வாரம் நிறைந்த பிறகு போட்டால்தான் செல்லும். அதோடு மேலே சொன்ன நாட்களைக் கூட்டினால், கிட்டத்தட்ட ஏழு மாதம் ஆகாத குட்டி இந்தியாவிலிருந்து போகவே முடியாது.

2. சிப் முதலில், ஊசி பிறகு

நான் சறுக்கிய இடம் இதுதான். மீனுவுக்கு முதலில் ரேபிஸ் ஊசி போட்டார்கள். சிப் கையிருப்பில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். நானும் சரி என்று ஒரு வாரம் கழித்துப் போய்ப் போட்டுக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துக் காகிதங்களை ஒரு அனுபவசாலி மருத்துவரிடம் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. சிப் போடுவதற்கு முன் போட்ட ஊசியை ஐரோப்பா கணக்கில் எடுக்காது. அந்த ஊசி இந்தப் பூனைக்குத்தான் போடப்பட்டது என்பதற்குச் சிப் எண்தான் ஆதாரம். எண் இல்லாத நாளில் போட்ட ஊசி யாருக்குப் போட்டதாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அதனால் ஒரே நாளில் போடுவதானாலும் முதலில் சிப், உடனே அதை ரீடரால் படித்துப் பார்ப்பது, அதற்குப் பிறகு ஊசி. சிப் 15 இலக்கம் கொண்டதாக, ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு வகை வாங்காதீர்கள். அங்குள்ள ரீடர் படிக்காவிட்டால் பூனைக்கு அடையாளமே இல்லை.

சிப் அரிசி மணி அளவுதான். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் போடுவார்கள். மயக்க மருந்து தேவையில்லை. மீனு ஒரு முறை முனகினாள், அவ்வளவுதான். கருத்தடை இன்னும் செய்யாத பூனையாக இருந்தால், அந்த அறுவை சிகிச்சையின்போதே சிப்பைப் போடச் சொல்லுங்கள். கருத்தடையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பெண் பூனை நாலைந்து மாத வயதிலேயே சினைப்படும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். உங்கள் நாலு மாதத் திட்டத்துக்குள் குட்டிகள் வந்துவிடும்.

3. ரத்தப் பரிசோதனை: பணமும் பொறுமையும் போகும் இடம்

இதை டைட்டர் டெஸ்ட் என்பார்கள். ஊசி போட்டதால் ரத்தத்தில் உண்டான எதிர்ப்புப் பொருள் மில்லி லிட்டருக்கு 0.5 ஐயூ (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பரிசோதிக்கும் ஆய்வகம் ஐரோப்பிய ஆணையத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருந்தால்தான் முடிவு செல்லும். பட்டியல் ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் மருத்துவமனை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புகிறது என்று பெயர் கேட்டு, அந்தப் பெயரைப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்ற பதிலோடு வீட்டுக்கு வராதீர்கள்.

ரத்தத்தை எடுத்து, அதன் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரித்து, குளிர்ச்சி கெடாமல் கூரியரில் அனுப்ப வேண்டும். குழாயின் மேல் சிப் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எண் ஒட்டாத குழாய் அவ்வளவு தூரம் போயும் பயனில்லை.

30 நாள் முடிந்ததும் தள்ளாமல் ரத்தம் எடுத்துவிடுங்கள். ஊசி போட்டு நாலு முதல் ஆறு வாரத்தில் எதிர்ப்புப் பொருள் உச்சத்தில் இருக்கும். பிறகு மெல்ல இறங்கும். வாழ்நாளில் ஒரே ஒரு ரேபிஸ் ஊசி போட்ட பூனைகளில் அளவு போதாமல் போவது உண்டு. அப்படி ஆனால் மறுபடி ஊசி, மறுபடி ரத்தம், மறுபடி மூன்று மாதம். மீனு என் குழப்பத்தால் இரண்டு ஊசி போட்டுக்கொண்டவள். அளவு தாராளமாகவே வந்தது.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. மூன்று மாதத்தை ரத்தம் எடுத்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், முடிவு வந்த நாளிலிருந்து இல்லை. ஆய்வகம் எடுத்துக்கொள்ளும் வாரங்கள் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

4. எல்லாக் காகிதத்திலும் ஒரே பூனை இருக்கட்டும்

சிப் எண், பிறந்த தேதி, நிறம், பாலினம், இனம் இவை தடுப்பூசிப் புத்தகம், சிப் சான்று, ஆய்வக அறிக்கை, உடல்நலச் சான்று எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். மீனுவின் தடுப்பூசிப் புத்தகத்தில் யாரோ அவசரத்தில் "ஆண்" என்று எழுதிவிட்டார்கள். மூன்று நிறப் பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெண்தான். செம்பழுப்பு நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், செம்பழுப்பும் கறுப்பும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும். ஒரு கால்நடை அதிகாரி கண்ணால் பார்த்ததுமே பிடித்துவிடக்கூடிய தப்பு அது. கிளம்புவதற்கு முன்பே கவனித்து, மருத்துவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கித் திருத்தினேன்.

இனம் என்ற கட்டத்தில் தெருப் பூனை, நாட்டுப் பூனை என்று எழுதச் சொல்லாதீர்கள். குட்டை முடி என்றால் "டொமெஸ்டிக் ஷார்ட்ஹேர்" என்பதுதான் படிவத்தில் வழக்கமான சொல். தெருவில் பிறந்ததால் பிறந்த தேதி தெரியாது என்றால், மருத்துவர் பல்லைப் பார்த்துக் கணித்துச் சொல்லும் தேதியை ஒரு முறை எழுதி, எல்லா இடத்திலும் அதையே தொடருங்கள்.

5. கேரியரை இன்றே வாங்குங்கள்

காகிதங்களைப்போலவே இதுவும் நாலு மாத வேலை. பலர் பயணத்துக்கு முந்தின நாள் பூனையை வைத்துத் தூக்கிப்போகும் கேரியரை வாங்கி, பூனையை அதற்குள் திணித்து, கையெல்லாம் பிறாண்டலோடு விமான நிலையம் போகிறார்கள். பூனைக்கு ஆளைவிட இடம்தான் முதல் பாதுகாப்பு. கன்னத்தில் இருக்கும் சுரப்பிகளால் சுவர், கதவு, நம் கால் என்று தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி வைக்கிறது. அந்த வாசனை இருக்கும் வரை அதற்கு அது வீடு. வாசனையில்லாத புதுப் பெட்டி என்றால் அதற்குப் பொறி மாதிரிதான்.

அதனால் கேரியரைக் கதவு திறந்தபடி கூடத்தில் போட்டுவையுங்கள். உள்ளே அது படுத்துப் புரண்ட பழைய துணியை விரியுங்கள். பயணம் முடியும்வரை துவைக்க வேண்டாம். முதலில் சாப்பாட்டைப் பக்கத்தில், பிறகு வாசலில், பிறகு உள்ளே. மீனு பத்து நாளில் தானாகவே உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்தாள். அப்புறம் ஒரு நிமிடம் கதவைச் சாத்துவது, தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவது, காரில் ஒரு தெரு சுற்றுவது என்று கூட்டிக்கொண்டே போகலாம். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸையும் இதே காலத்தில் பழக்கிவிடுங்கள். ஏன் என்று எட்டாவது படியில் சொல்கிறேன்.

6. விமானச் சீட்டு: உங்களுக்கு எடுப்பதற்கு முன் பூனைக்குக் கேளுங்கள்

கேபினில் பூனையை ஏற்றும் விமானம் எது என்று பார்த்து, அதற்கேற்பத்தான் உங்கள் சீட்டை எடுக்க வேண்டும். வளைகுடா வழியாகப் போகும் சில விமான நிறுவனங்கள் கேபினில் பூனையை ஏற்றுவதே இல்லை. லுஃப்தான்சா கேரியரோடு சேர்த்து 8 கிலோ வரை அனுமதிக்கிறது. கேரியர் 55, 40, 23 சென்டிமீட்டருக்குள், கசியாத மென்மையான பையாக இருக்க வேண்டும். ஒரு விமானத்தில் இத்தனை விலங்குகள்தான் என்று வரம்பு உண்டு. ஆகவே முன்பதிவு செய்த அன்றே தொலைபேசியில் பூனையையும் பதியச் சொல்லி, எழுத்தில் உறுதி வாங்குங்கள். முடிந்தவரை நேரடி விமானம் எடுங்கள்.

பெர்சியன் மாதிரித் தட்டை மூக்குப் பூனை என்றால் சரக்குப் பகுதியில் அனுப்புவதை யோசிக்கவே வேண்டாம். வெப்பத்திலும் பதற்றத்திலும் அவற்றுக்கு மூச்சு விடுவது கஷ்டம்.

இன்னொரு பொறி: நீங்கள் முன்னால் போய், பூனை பிறகு வந்தால், உங்கள் பயணத்துக்கும் அதன் பயணத்துக்கும் இடையே ஐந்து நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. தாண்டினால் வணிக விலங்கு என்ற கணக்கில் வேறு விதிகளும் வேறு செலவும் வந்துவிடும். ஒரு முகவரிடம் விசாரித்தபோது ஒரு லட்சத்துக்கு மேல் சொன்னார். அதனால்தான் விடுப்பு எடுத்து நானே ஊருக்கு வந்து கூட்டிப்போனேன்.

7. கடைசிப் பத்து நாள்: பள்ளிக்கரணை

நுழைவுக்கான உடல்நலச் சான்றிதழில் தனியார் மருத்துவர் கையெழுத்து மட்டும் போதாது. அரசின் அதிகாரபூர்வ கால்நடை மருத்துவர் கையெழுத்திட வேண்டும். நம் நாட்டில் அது மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு சேவை அலுவலகம். சென்னையில் பள்ளிக்கரணையில் இருக்கிறது. அவர்கள் சான்று தந்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் பூனை ஐரோப்பாவுக்குள் நுழைந்திருக்க வேண்டும். ரொம்ப முன்னால் வாங்கினாலும் வீண், கடைசி நாளுக்கு வைத்தாலும் ஆபத்து. வார இறுதியையும் அரசு விடுமுறையையும் கணக்கில் வைத்துப் பயணத்துக்கு நாலைந்து நாள் முன்னால் போவது நல்லது.

கொண்டுபோக வேண்டியவை: சிப் சான்று, தடுப்பூசிப் புத்தகம், ஆய்வக அறிக்கையின் மூலப்படி, அண்மையில் எடுத்த தனியார் மருத்துவரின் உடல்நலச் சான்று, உங்கள் பாஸ்போர்ட், விமானச் சீட்டு, இது விற்பனைக்காக இல்லை என்ற உங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி, நிரப்பிய ஐரோப்பிய ஒன்றியப் படிவம். படிவம் ஆங்கிலத்தோடு ஜெர்மனிலும் உள்ளதாக இருக்கட்டும். படிவத்தின் வடிவம் அவ்வப்போது மாறும். ஜெர்மன் அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் அந்த வாரம் உள்ளதையே இறக்கி நிரப்புங்கள். பூனையையும் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து வையுங்கள்.

செலவைக் கேட்பீர்கள். எனக்குச் சிப்பும் ஊசியும் சேர்ந்து ரூ.2,000-க்குள் முடிந்தது. ரத்தப் பரிசோதனை, கூரியர் சேர்த்து ரூ.20,000-ஐ ஒட்டி வந்தது. கேரியர், ஹார்னஸ், மருத்துவர் கட்டணங்கள் ஒரு ஐயாயிரம். சான்றிதழுக்கான அரசுக் கட்டணம் இவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. விமானத்தில் பூனைக்கான கட்டணம் தனி. அது வழித்தடத்தைப் பொறுத்து மாறும். முகவர் இல்லாமலே இதைச் செய்ய முடியும். என்ன, நாலைந்து அரை நாள் விடுப்பு போகும்.

8. விமான நிலையமும் விமானமும்

தூக்க மருந்தோ மயக்க மருந்தோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கிவிடும் அபாயம் உண்டு. மயங்கிய விலங்கை விமான நிறுவனம் மறுக்கவும் செய்யும். ரொம்பப் பயப்படும் பூனை என்றால் மருத்துவரைக் கேட்டு, அவர் தருவதை வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பார்த்த பிறகே பயணத்தில் கொடுக்கலாம். கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்னால் கொஞ்சமாகச் சாப்பாடு. தண்ணீரை நிறுத்த வேண்டாம். வளர்ந்த பூனை பத்து, பன்னிரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொள்ளும். இருந்தாலும் கேரியருக்குள் உறிஞ்சும் விரிப்பு போடுங்கள்.

மீனம்பாக்கம் போகும் காரில் ஏசி இருக்கட்டும். நாய்போல வாயைத் திறந்து இளைப்பது பூனைக்கு இயல்பு இல்லை. அப்படி இளைத்தால் வெப்பம் அல்லது கடும் பதற்றம் என்று அர்த்தம். உடனே குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் கேரியர் காலியாக எக்ஸ்ரே எந்திரத்துக்குள் போகும். பூனையை நீங்கள் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மொத்தப் பயணத்திலும் அபாயமான நிமிடம் இதுதான். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். நமக்கு அமைதியாகத் தோன்றும் எந்திரங்களும் அதற்கு அலறலாக இருக்கலாம். ஹார்னஸ் போட்டு, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். மூடிய தனி அறையில் சோதிக்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். எனக்குத் தந்தார்கள்.

விமானத்துக்குள் கேரியர் முன் இருக்கைக்கு அடியில். மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டால் இருட்டில் சுருண்டுகொள்ளும். மீனு ஏறும்போது இருபது நிமிடம் கத்தினாள். பிறகு ஃப்ராங்ஃபர்ட் வரை சத்தமே இல்லை. நான்தான் அடிக்கடி விரலை உள்ளே விட்டு மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

9. இறங்கியதும் சிவப்பு வழி

பெட்டிகளை எடுத்துக்கொண்டு, சுங்கத்தில் அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்துவிடாதீர்கள். சிவப்பு வழியில் போய்ச் சுங்க அதிகாரியிடம் பூனை இருக்கிறது என்று நீங்களே சொல்ல வேண்டும். சிப்பைப் படிப்பார்கள், காகிதத்தைப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் பத்துப் பதினைந்து நிமிட வேலை. சரியாக இல்லாவிட்டால் உங்கள் செலவில் தனிமைப்படுத்தலோ, ஊருக்குத் திருப்பி அனுப்புவதோ நடக்கலாம்.

இறைச்சி, பால் கலந்த உணவுகளை இந்தியாவிலிருந்து கொண்டுபோக முடியாது. சாதாரணப் பூனைத் தீனியும் அதில் அடக்கம். அங்கே கடையில் கிடைக்கும் பிராண்ட் எது என்று முன்பே பார்த்து, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே இங்கே அந்த உணவுக்கு மெல்ல மாற்றிவிட்டால் இரண்டு கவலை தீரும்.

10. புது வீட்டில்

வாடகை ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் படியுங்கள். நாயோ பூனையோ கூடவே கூடாது என்று பொத்தாம்பொதுவாகத் தடை செய்யும் ஒப்பந்த விதி செல்லாது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காகக் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று இல்லை. முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குவதுதான் நிம்மதி. பூனைக்கு அங்கே வரி கிடையாது.

முதல் வாரம் ஒரே ஒரு அறை போதும். சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு, கேரியர் எல்லாம் அதற்குள். மணல் தட்டு சாப்பாட்டுக்குத் தள்ளி இருக்கட்டும். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். மீனு இரண்டு நாள் அலமாரிக்குப் பின்னாலிருந்து வரவில்லை. மூன்றாம் நாள் இரவு என் கால்மாட்டில் வந்து படுத்தாள். ஒளிவது பரவாயில்லை, சாப்பிடாமல் இருப்பதுதான் கவலை. இரண்டு நாளுக்கு மேல் ஒன்றும் தின்னாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை என்பதால் அதற்குத் தாகம் எடுப்பதே குறைவு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் ஈரத் தீனி கொடுங்கள்.

அங்கே மருத்துவக் கட்டணம் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. சாதாரணப் பரிசோதனைக்கு அடிப்படைக் கட்டணம் 23.62 யூரோ, வரி தனி. மருத்துவர் அதை மூன்று மடங்கு வரை வாங்கலாம். இரவிலும் விடுமுறையிலும் நாலு மடங்கு வரை போகும், கூடவே 50 யூரோ அவசரக் கட்டணம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சன்னல். ஜெர்மன் வீடுகளில் மேல்பக்கம் மட்டும் உள்நோக்கிச் சாயும் சன்னல் இருக்கும். காற்றுக்காகச் சாய்த்து வைப்பார்கள். பூனை அந்த இடுக்கில் ஏறி வெளியே போகப் பார்க்கும். சறுக்கி, கீழ்நோக்கிக் குறுகும் இடைவெளியில் இடுப்பு மாட்டிக்கொள்ளும். திமிறத் திமிற இன்னும் இறுகும். பல பூனைகள் இப்படிச் செத்திருக்கின்றன. நம் ஊரில் இந்த மாதிரிச் சன்னலே கிடையாது என்பதால் நமக்குத் தோன்றவே தோன்றாது. அதற்கென்று பக்கவாட்டுக் கம்பித் தடுப்பு கடைகளில் கிடைக்கிறது. அதை மாட்டும் வரை, பூனை இருக்கும் அறையில் சன்னலைச் சாய்த்து வைக்காதீர்கள்.

சிப் எண்ணை, தொலைந்த வளர்ப்பு விலங்குகளைக் கண்டுபிடிக்க உதவும் டாஸோ பதிவேட்டில் உங்கள் ஜெர்மன் தொலைபேசி எண்ணோடு பதிந்துவிடுங்கள், இலவசம்தான். அடுத்த ரேபிஸ் ஊசியின் தேதியைக் கைபேசியில் இரண்டு நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். அந்தத் தேதி ஒரு நாள்கூடத் தவறாதவரை நீங்கள் எடுத்த ரத்தப் பரிசோதனை பூனையின் ஆயுள் முழுக்கச் செல்லும். தவறினால், ஊருக்குக் கூட்டிவந்து திரும்பும்போது மறுபடி ஊசி, 30 நாள், ரத்தம் என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.